கண்டிகையின் எம்மெல்யே

ஆரத்தித் தட்டைச் சுற்றிய வேகத்தில் தண்ணீர் தெறித்து என் மாமனாரின் வெள்ளைச் சட்டையில் சிவப்பாகப் படிந்தது. அவர் கோபிக்கவில்லை. தேர்தலில் நிற்கிறவர்களுக்குப் பிரசாரம் முடிகிற வரை கோபம் வராது. அதன் பிறகு சேர்த்து வைத்து வரும்.

பிரசாரத்தின் கடைசி நாள் அது. மாசி மாத வெயில். எங்கள் ஊர் நாவலேரிக்கு ஓடை தாண்டி இருந்த சின்னக் கிளையூர், நாவலேரிக் கண்டிகை. அதன் கிணற்றடியில் ஜீப் நின்றிருந்தது. ஊரே கூடியிருந்தது. எங்கிருந்தோ பருப்பு தாளிக்கிற வாசனை வந்தது. தட்டைச் சுற்றியவள் பெயர் மங்கம்மா. கையில் ஒரு காப்பு, வாயில் வெற்றிலை, குரல் மட்டும் எங்கள் ஒலிபெருக்கியைவிடத் தெளிவு.

மாமனாரை ஊரார் எல்லாருமே நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் நான் மாமா என்பேன். எழுதும்போது நைனா என்றால்தான் அவர் முகம் எனக்குத் தெரிகிறது.

நைனா உயரம் குறைவு. கூட்டத்தில் பேச ஏதாவது ஒன்றின்மேல் ஏறி நிற்க வேண்டும். கிணற்றடியில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறிக்கொண்டார். சொன்ன சொல் தவறாதவன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டு, தான் ஜெயித்தால் இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் வரும் என்றார். கூட்டம் சும்மா இருந்தது. இதைப் போல நிறையக் கேட்ட கூட்டம் அது.

நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜீப்பின் பின்சீட்டில் வெயிலுக்கு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த என்னைக் கையால் காட்டினார்.

"தோ, என் மருமவ. டீச்சர் டிரெய்னிங் படிச்சவ. இஸ்கோல் மட்டும் இல்ல, இந்த மாதிரி டீச்சரும் வரும்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மங்கம்மா ஜீப்புக்கு அருகில் வந்து, சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டிரெய்னிங் முடித்து வருஷக்கணக்கில் ஆகியும் நான் ஒரு சாக்பீஸைக்கூடத் தொட்டதில்லை. தொடவிடாதவர் கல்லின்மேல் நின்று என்னைச் சாம்பிள் காட்டிக்கொண்டிருந்தார்.

அது ஏன் என்று சொல்ல, எங்கள் தொகுதியின் தேர்தல் சரித்திரத்தையே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தராசு வீட்டுச் சம்பந்தம்

நான் பிறந்தது திருவள்ளூர் டவுன். அப்பா அங்கே கோர்ட்டில் குமாஸ்தா. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே நாவலேரியில் மாப்பிள்ளை பார்க்கப் போனவர், ஊர்ச் சுவர் முழுக்கக் காவியால் தராசு வரைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நம்மைப் போலவே கோர்ட்டோடு சம்பந்தம் உள்ள குடும்பம் போலிருக்கிறது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

அது நைனாவின் தேர்தல் சின்னம். நெல் வயலும் ஒரு அரிசி மில்லும் வைத்திருந்த அவர், அந்த வருஷம் சுயேச்சையாக நின்றிருந்தார். சுயேச்சைகளுக்குச் சின்னம் குலுக்கல் முறையில் வந்தது. குடை வந்திருக்கலாம், சைக்கிள் வந்திருக்கலாம். அரிசி மில்காரருக்குத் தராசு வந்தது. மில்லில் நெல் போட்ட சுற்றுவட்டாரத்து ஆட்கள் எல்லாருக்கும் அந்தத் தராசைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருந்தது. தராசுக்கே ஓட்டுப் போடுங்கள் என்று மைக்கில் கத்தினால் களத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். ஓட்டும் எடை குறைவாகத்தான் விழுந்தது.

அந்தத் தோல்வியின் ஈரம் காயும் முன்பு என் கல்யாணம் நடந்தது. பந்தற்காலுக்குப் பின்னால் தராசு அழியாமல் இருந்தது. சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், அடுத்த எலெக்ஷனுக்கு உதவும் என்று நைனா சொல்லிவிட்டார்.

கல்யாணமான புதிதில் நான் வேலைக்குப் போகட்டுமா என்று என் வீட்டுக்காரர் மூலமாகக் கேட்டேன். பதில் நேரடியாகவே வந்தது.

"நான் ஜெயிச்சாக்கா, எம்மெல்யே ஊட்டு மருமவ வேலைக்குப் போறது நல்லா இருக்காது. தோத்தாக்கா, சோத்துக்கு இல்லாம மருமவள அனுப்பிச்சிட்டான்னு ஊரு சிரிக்கும். நீயே சொல்லும்மா."

நான் என்ன சொல்வது? அவர் ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்குத் தோல்வி என்று அன்றே புரிந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. என்னோடு படித்தவர்கள் ஊர் ஊராக வேலையில் சேர்ந்து, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு ரயிலில் போய் வருகிறார்கள் என்று அம்மா வந்தபோதெல்லாம் சொல்லுவாள். நான் நெல் அவித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

வெல்லம் கரைந்த குளம்

திருவள்ளூரில் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிற வழக்கம் உண்டு. உடம்பில் இருக்கிற நோய், மனசில் இருக்கிற குறை எல்லாம் வெல்லம் மாதிரி கரைந்துபோகும் என்று நம்பிக்கை. அமாவாசையன்று படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

தேர்தல் வருகிற வருஷம் வெல்லம் அதிகமாக விற்கும் என்று கோயில் வாசல் கடைக்காரர் சொல்லுவார். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் வரமாட்டார்கள். பெண்சாதிகள் வருவார்கள். என் மாமியாரும் நைனாவை எதிர்த்து நின்றவரின் மனைவியும் ஒரே அமாவாசையில், ஒரே படியில், முழங்கால் தண்ணீரில் நின்று வெல்லம் கரைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கரைத்து முடித்து, ஒருவர் முந்தானையை இன்னொருவர் பிழிந்துவிட்டு, வத்தல் போட இந்த வருஷம் வெயில் போதுமா என்று பேசிக்கொண்டே படியேறினார்கள்.

நானும் ஒரு உருண்டை கரைத்தேன். எதற்கு என்று மாமியார் கேட்கவில்லை. குடும்பத்து மருமகள் வேறு எதற்குக் கரைப்பாள் என்று நினைத்திருப்பார்.

சாய்கிற மரம்

இரண்டாவது தேர்தலில் நைனாவுக்கு ஆளுங்கட்சியே சீட்டுக் கொடுத்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். நாடு விடுதலையான நாளிலிருந்து தோற்காத கட்சி. இனிமேல் என்ன குறை என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷம்தான் அரிசிக்குத் தட்டுப்பாடு. பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த வருஷத்தில், அரிசி மில் முதலாளி ஆளுங்கட்சி வேட்பாளராகக் கைகூப்பிக்கொண்டு அதே தெருக்களில் போனார். மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தேர்தலில் அந்தக் கட்சி ராஜ்யத்தையே இழந்தது. ஆகவே இது என் தோல்வி இல்லை என்று நைனா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குள் எனக்கு இரண்டு குழந்தைகள். நடுவில் ஒரு முறை வேலைக்கு உத்தரவே வந்தது. தேர்தல் நேரமாகப் பார்த்து வந்ததால், முடியட்டும் முடியட்டும் என்று தள்ளிப்போய்க் காலாவதியாகிவிட்டது. அன்றைக்கு நான் மாட்டுக்கொட்டகையில் போய் அழுதேன். மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

மூன்றாவது தேர்தலுக்குள் அந்தப் பழைய கட்சி இரண்டாக உடைந்தது. எந்தப் பாதியில் சேருவது என்று நைனா ஒரு மாதம் யோசித்தார். பத்திரிகைகளைப் படித்தார், சென்னைக்குப் போய் வந்தார், கோயில் ஐயரிடம் பூப் போட்டுப் பார்த்தார். எல்லாம் பார்த்து, தோற்கப்போகிற பாதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார். எந்த மரம் சாயப்போகிறதோ அதில் ஏறி உட்காருவது அவருக்குப் பிறவி ஞானம்.

அந்த முறை பெண்கள் ஓட்டு முக்கியம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். படித்த மருமகளை ஜீப்பில் இட்டுக்கொண்டு போனால் நல்லது என்று தீர்மானமாயிற்று. வகுப்பறைக்குப் போகக் கூடாத நான் இப்படித்தான் தெருத்தெருவாகப் போய்க் கும்பிடு போட்டேன்.

கண்டிகைச் சாப்பாடு

பழையபடி கடைசி நாளுக்கு வருகிறேன். பேச்சு முடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் இரண்டு பெரிய ஊர்கள் மாலையோடு எங்களுக்காகக் காத்திருந்தன. ஆனால் மங்கம்மா ஜீப்பின் முன்னால் வந்து நின்றுகொண்டாள். உலை வைத்தாயிற்று, சாப்பிடாமல் போனால் ஊருக்கு அவமானம் என்றாள். பருப்பு, பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, கோங்குராத் துவையல், தயிர். நைனா இரண்டு முறை சோறு வாங்கினார். பஜனை கோயில் நிழலில் கொஞ்சம் சாய்ந்தார். கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடற்கரை ஊர்களில் மாலைகள் வாடி, எதிர்க்கட்சிக்காரர் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

நைனாவுக்குக் கவலையே இல்லை. கண்டிகை முழுக்க நமக்குத்தான், ஒரு ஓட்டு வெளியே போகாது என்று ஜீப்பில் சொல்லிக்கொண்டே வந்தார். அது ஒரு வகையில் உண்மைதான்.

கண்டிகைப் பொட்டி

ஓட்டு எண்ணிக்கை பொன்னேரியில். நான் போகவில்லை. கூடப் போன என் வீட்டுக்காரர் வந்து சொன்னதைச் சொல்கிறேன்.

காலையிலிருந்தே நைனா பின்தங்கியிருந்தார். ஆனால் அசரவில்லை. ஒவ்வொரு பெட்டி திறக்கும்போதும், கண்டிகைப் பொட்டி வரட்டும் என்றார். மத்தியானமும் அதையே சொன்னார். எல்லாப் பெட்டியும் முடிந்து ஊழியர்கள் மேசையைத் துடைக்கத் தொடங்கியபோது எழுந்துபோய், கண்டிகைப் பெட்டியை ஒளித்துவைத்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டார். அங்கிருந்த அதிகாரி பொறுமையான மனிதர். வரைபடத்தை எடுத்து விரித்து, நாவலேரி இந்தத் தொகுதி, நாவலேரிக் கண்டிகை ஆந்திரா என்று விரலை வைத்துக் காட்டினார்.

"இன்னா சார் பேஜாரு பண்றீங்க? போன வாரம் நான் அங்கதான் குந்திக்கினு சோறு துன்னேன்" என்றாராம் நைனா.

எங்கள் வட்டாரத்தை அறியாதவர்கள் இதை நம்பமாட்டார்கள். எல்லையைத் திருத்தியபோது திருத்தணிப் பக்கம் இங்கே வந்தது, எங்கள் பக்கத்தில் பல ஊர்கள் அங்கே போயின. தாய் ஊர் இங்கேயும் கண்டிகை அங்கேயுமாகப் பிரிந்த ஊர்களும் உண்டு. ஆனால் பெண் கொடுப்பது, மாடு வாங்குவது, சந்தைக்கு வருவது எதுவும் பிரியவில்லை. அரிசி மூட்டையை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது மட்டும் எல்லை ஞாபகம் வரும். மற்ற நாட்களில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கண்டிகை தாண்டித்தான் ஆந்திரா என்பது நைனாவின் எண்ணம். வாக்காளர் பட்டியலில் நாவலேரி என்று இருந்ததைப் பார்த்தார். கண்டிகையும் அதில் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

எல்லைக் கல் ஓடைக்கரையில் இருக்குமே என்று அதிகாரி கேட்டிருக்கிறார். திரும்பும் வழியில் அப்பாவும் பிள்ளையும் ஓடைக்கரையில் இறங்கித் தேடினார்கள். கல் இருந்த குழிதான் இருந்தது. கண்டிகைக்காரர்கள் நல்ல கல்லாக இருக்கிறதே என்று எப்போதோ பெயர்த்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். சொன்ன சொல் தவறாதவன் என்று நைனா ஏறி நின்று பேசியது அதன்மேல்தான்.

தோற்காத ஊர்

தோற்றபின் நைனா யாரையும் பார்க்கவில்லை. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். அப்படி ஒரு நாள், மங்கம்மா ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தலையில் ஒரு பரங்கிக்காய் வேறு. அதை இறக்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் எப்போது வரும் என்று கேட்டாள்.

நைனா கண்ணைத் திறந்தார். தான் தோற்றுவிட்ட செய்தியே தெரியாதா என்று கேட்டார்.

"அது இந்தப் பக்கத்துத் தகராறு, நைனா. எங்க ஊர்ல உங்களுக்கு எதிரா ஒரு ஓட்டாவது வுழுந்துச்சா?"

நைனா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, உங்கள் ஊர் ஆந்திரா, உங்களுக்கு எம்மெல்யே வேறு ஆள் என்று விளக்கினார். அது தெரிந்திருந்தும் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். சேர்த்து வைத்த கோபம்.

"ஊடு தேடி வந்தவங்கள, உங்களுக்கு இங்க ஓட்டு கெடையாது போங்கன்னா சொல்லுவாங்க?" என்றாள் மங்கம்மா. "எங்க எம்மெல்யே மூஞ்ச நாங்க பாத்ததே இல்ல. நீங்கதான் வந்தீங்க, துன்னீங்க, வாக்கு குடுத்தீங்க. தோ நிக்குதே, அந்த டீச்சரம்மா வரும்னீங்க."

"அந்த மாதிரி ஒண்ணு வரும்னுதாம்மா சொன்னேன்."

"அந்த மாதிரின்னா அதுதான?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் முன்னால் நானாக வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"மாமா, நான் போறேன்."

தோற்றவன் வீட்டு மருமகள் என்று அவர் ஆரம்பித்தார். நான் விடவில்லை.

"கண்டிகையில நீங்க தோத்தவரும் இல்ல, எம்மெல்யேவும் இல்ல மாமா. ரெண்டு பேச்சும் அங்க வராது."

சாய்வு நாற்காலி ஒரு முறை கிரீச்சிட்டது. நைனா என்னையே பார்த்தார். இவளுக்கு இவ்வளவு பேச வருமா என்று யோசித்திருப்பார். என் வீட்டுக்காரர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நைனா மாமியாரைக் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

அடுத்த வாரமே மில் வண்டியில் ஏறி ஓடையைத் தாண்டிப் போனேன். பஜனை கோயில்தான் வகுப்பு. சம்பளம் கிடையாது. சிலேட்டும் பலகையும் நைனா வாங்கித் தந்தார். பிள்ளைகளுக்குத் தமிழும் தெலுங்கும் இரண்டுமே வாயில் இருந்தன, எழுத்தில் இரண்டுமே இல்லை. தமிழ் நான் சொல்லிக்கொடுத்தேன். தெலுங்கு எழுத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முந்தி நான் கற்றுக்கொண்டு மறுநாள் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகள் சிலேட்டைக் கழுவக் கிணற்றடிக்கு ஓடினார்கள். அந்தக் கல்லின் பக்கவாட்டில் சோப்பு நுரைக்குக் கீழே, செதுக்கிய எழுத்துகள் தெரிந்தன. நான் அதன்மேல் உட்கார்ந்து மனசு நிறையச் சிரித்தேன். எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அவர்களும் சிரித்தார்கள்.

கண்டிகைக்காரர்கள் நைனாவை எம்மெல்யேகாரு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மாடு தொலைந்தாலும் மாமியார் அடித்தாலும் அவரிடம்தான் வந்தார்கள். எங்கள் தொகுதியில் அத்தனை தேர்தலிலும் அத்தனை பேரும் கொடுத்த வாக்குறுதிகளில், நான் அறிந்து நிறைவேறியது அந்த ஒன்றுதான். அதுவும் தொகுதிக்கு வெளியே.

வேற ஆளு

சில வருஷம் கழித்து அடுத்த தேர்தல் வந்தது. அதற்குள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போவதாகப் பேச்சு. எல்லாக் கட்சிக்காரர்களும் புகைக்கூண்டைக் கையில் வைத்திருப்பதுபோலப் பேசினார்கள். புதிதாக எழும்பிய ஒரு கட்சியிலிருந்து நாலு பேர் காரில் வந்து, நைனாவையே நிற்கச் சொன்னார்கள். இந்த முறை காற்று எங்கள் பக்கம், நீங்கள் வீட்டில் இருந்தாலே ஜெயித்துவிடுவீர்கள் என்றார்கள்.

நான் அப்போதுதான் கண்டிகையிலிருந்து வந்து வண்டியை விட்டு இறங்கினேன். புடவையெல்லாம் சாக்பீஸ் தூள். நைனாவின் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டிருந்தார். ஏதாவது முடிவெடுக்கும்போது அப்படித்தான் செய்வார். அவருக்கு அந்த ஆசை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மூன்று முறை தோற்ற மனிதர். சுவரில் தராசைக்கூட அழிக்கவிடாதவர்.

அவர் என்னைப் பார்த்து, இன்றைக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்களா என்று கேட்டார். வந்தார்கள் மாமா என்றேன். அவர் வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"எம்மெல்யே ஊட்டு மருமவ வேலைக்குப் போனா நல்லா இருக்காதுப்பா. இது போயாவணும். நீங்க வேற ஆளப் பாருங்க."

வந்தவர்களுக்குப் புரியவில்லை. நான் உள்ளே போய் அடுப்பு மூட்டுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர்கள் வேறு ஆளைப் பார்த்தார்கள். வாழ்நாளில் நைனா ஏறாமல் விட்ட ஒரே மரம் அதுதான். அந்த ஒன்றுதான் சாயவில்லை. முடிவு வந்த அன்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் வெடிச்சத்தம் எங்கள் ஊர் வரைக்கும் கேட்டது. நைனா ரேடியோவில் செய்தியை முழுக்கக் கேட்டார். பிறகு அதை நிறுத்திவிட்டு, நாளைக்குக் கண்டிகையில் இஸ்கோல் இருக்கிறதா லீவா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

"அப்போ வண்டிக்காரன வெள்ளனவே வரச் சொல்லு" என்றார்.